முதல் கப்பல் பயணம் எங்கே?

கேள்வி: உல்லாசக் கப்பலில் முதல் முறையாகப் போக ஆசை. எல்லோரும் கரீபியன் என்கிறார்கள். வேறு நல்ல இடம் உண்டா?

பதில்: கரீபியன் என்று சொல்வதில் தப்பில்லை, உலகிலேயே அதிகம் பேர் கப்பலேறிப் போவது அங்கேதான், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் அலாஸ்காதான். சீசன் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விட மாட்டார்கள், அதனால் அந்த அமைதி அப்படியே இருக்கிறது. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெல்லத் திரும்பி நிற்கும், பெரிய பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் சரிவதைக் கண் முதலில் பார்த்துவிடும், இடி மாதிரி சத்தம் அப்புறம்தான் காதுக்கு வந்து சேரும். அந்த ஒரு நொடிக்காகவே போகலாம்.

பழைய ஊர்கள் பிடிக்குமென்றால் மத்தியதரைக் கடல். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் பெரிய கப்பல் தள்ளியே நின்றுவிடும், சிறு படகில் கரைக்கு வந்து, ஃபிரா ஊருக்கு கேபிள் காரிலோ கிட்டத்தட்ட 600 படிகளிலோ ஏற வேண்டும். மூட்டுவலி இருந்தால் கேபிள் கார்தான், வரிசையில் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

வெனிஸ் விஷயத்தில் கவனம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரின் மையமான சான் மார்கோ பக்கம் வரத் தடை. விளம்பரத்தில் வெனிஸ் என்றிருந்தாலும் ரவென்னா என்ற வேறு ஊர்த் துறைமுகத்தில் இறக்கிவிடலாம், அங்கிருந்து பஸ்ஸில் வெகுதூரம். பணம் கட்டும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேட்டுவிடுங்கள்.