ஒரே படம், மூன்று விலை: ஸ்வெட்டர் செலவைக் கணக்கிடும் முறை

கேள்வி: குன்னூரில் சிறிய துணிக்கடை நடத்துகிறேன். லூதியானா ஸ்வெட்டர்களை மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்றுவந்த நான், இந்த ஆண்டு எங்கள் கடைப் பெயரிலேயே 300 ஸ்வெட்டர்கள் செய்து வாங்க விரும்புகிறேன். சடைப் பின்னல் போட்ட வட்டக் கழுத்து ஸ்வெட்டர் ஒன்றின் படத்தை அனுப்பி விலை கேட்டதில், ஒருவர் 410 ரூபாய், இன்னொருவர் 610 ரூபாய், மூன்றாமவர் 1,450 ரூபாய் என்கிறார்கள். இவற்றில் எது நியாயமான விலை? திருப்பூரில் செய்தால் செலவு குறையுமா?

பதில்: மூன்றுமே நியாயமான விலையாக இருக்கலாம். ஸ்வெட்டரின் விலையைத் தீர்மானிக்கும் நூலின் வகையும் எடையும் படத்தில் தெரியாதவை என்பதால், மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

திருப்பூர் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரின் பலம் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓடும் பருத்தித் துணி. அதை வெட்டித் தைத்து பனியனும் டி-ஷர்ட்டும் ஸ்வெட்ஷர்ட்டும் செய்கிறார்கள். நீங்கள் கேட்கும் ஸ்வெட்டரில் முன்பாகம், பின்பாகம், கைகள் ஆகியவை தட்டைப் பின்னல் இயந்திரத்தில் தனித்தனியாக, அந்தந்த வடிவத்திலேயே பின்னப்படுகின்றன. அத்தகைய இயந்திரங்கள் திருப்பூரில் பெரும்பாலும் டி-ஷர்ட் காலர் பின்னவே பயன்படுகின்றன. ஆகவே, இந்த வேலைக்கு லூதியானாவே பொருத்தம்.

இனி விலைக்கு வருவோம். தட்டைப் பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசிகள் என்பதைக் கேஜ் என்பார்கள். 12 கேஜில் மெல்லிய நூல் ஓடும். நடுத்தர அளவுள்ள ஆண்கள் ஸ்வெட்டர் ஏறக்குறைய 280 கிராம் வரும். 7 கேஜில் நூல் தடிமன். அதில் சடைப் பின்னலும் சேர்ந்தால் 450 கிராம் வரை போகும். சடையில் கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறுவதால் துணி அகலம் சுருங்குகிறது. அந்த அகலத்தை ஈடுகட்டக் கூடுதல் கண்ணிகளும் கூடுதல் நூலும் வேண்டும். ஒவ்வொரு சடைத் திருப்பத்திலும் கண்ணிகளை ஊசிவிட்டு ஊசிக்கு மாற்ற வேண்டியிருப்பதால் இயந்திரத்தின் வேகமும் குறைகிறது.

முறை விளங்குவதற்காகச் சில விலைகளை அனுமானமாக வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைக்கும் உண்மை விலைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். செயற்கை இழையான அக்ரிலிக் நூல் கிலோ 300 ரூபாய், மெரினோ என்னும் மென்மையான கம்பளி நூல் கிலோ 2,000 ரூபாய், நூல் சேதாரம் 6 சதவீதம், இயந்திரக் கூலி நிமிடத்துக்கு 2 ரூபாய், பாகங்களை இணைக்கும் கூலி 35 ரூபாய், சலவை, இஸ்திரி, லேபிள், பேக்கிங் எல்லாம் சேர்ந்த முடிப்பு வேலை அக்ரிலிக்குக்கு 45 ரூபாய், மெரினோவுக்கு 60 ரூபாய் என்று கொள்வோம். இவற்றின் மேல் தயாரிப்பாளரின் மேல்செலவும் லாபமும் 20 சதவீதம்.

12 கேஜில் 45 நிமிடம் ஓடும் எளிய அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு நூல் 89, பின்னல் 90, இணைப்பு 35, முடிப்பு வேலை 45. லாபம் சேர்த்து 311 ரூபாய். அதுவே 7 கேஜில் 70 நிமிடம் ஓடும் சடைப் பின்னலானால் நூல் 143, பின்னல் 140 என்று உயர்ந்து, முடிவில் 436 ரூபாய் ஆகும். மெரினோவில் எளிய ஸ்வெட்டர் 935 ரூபாய், சடைப் பின்னல் 1,427 ரூபாய். அக்ரிலிக்கில் 125 ரூபாய் கூட்டிய அதே வேலைப்பாடு மெரினோவில் 492 ரூபாய் கூட்டுகிறது. எனவே, ஒரு டிசைன் எவ்வளவு கூட்டும் என்பதை நூலை முடிவு செய்யாமல் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு 1,450 சொன்னவர் மெரினோவையும், 610 சொன்னவர் அக்ரிலிக்–கம்பளிக் கலப்பையும், 410 சொன்னவர் முழு அக்ரிலிக்கையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கடைசி விலை என் கணக்கைவிடக் குறைவாக இருப்பதற்கு எடைக் குறைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். இணைப்பு முறை இன்னொரு காரணமாக இருக்கலாம். நல்ல ஸ்வெட்டரில் தோளையும் கழுத்துப் பட்டியையும் லிங்க்கிங் இயந்திரத்தில் கண்ணிக்குக் கண்ணி கோத்து இணைப்பார்கள். உள்பக்கத்தில் தையல் தட்டையாக இருக்கும். பழகிய கையும் கண்ணும் வேண்டிய வேலை அது. அதை, விளிம்புகளைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையலில் முடித்தால் கூலி மிச்சமாகும், ஆனால் உள்ளே தடித்த விளிம்பு தோளை உறுத்தும். சாம்பிள் வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

நூல் விஷயத்தில் உங்கள் ஊரின் ஈரத்தை மறக்கக் கூடாது. கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்த பின்னும் தொட்டால் நனைந்ததுபோல் இராது. அந்நிலையிலும் வெதுவெதுப்புத் தரும். ஆனால் துவைத்தால் காயத் தாமதமாகும், கவனமின்றித் துவைத்தால் சுருங்கும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது. எனினும் கைமடிப்பிலும் அக்குளிலும் விரைவில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். தினமும் காலையில் ஸ்வெட்டர் போட்டு வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரருக்கு 70 பங்கு அக்ரிலிக்கும் 30 பங்கு கம்பளியும் கலந்த நூலே ஏற்றது என்பது என் கருத்து. அந்த நூலை கிலோ 600 ரூபாய் என்றும் முடிப்பு வேலையை 50 ரூபாய் என்றும் கொண்டால், 12 கேஜில் எளிய வி-கழுத்து ஸ்வெட்டர் 424 ரூபாய்க்கு முடிகிறது. முழு அக்ரிலிக் சடைப் பின்னலுக்குத் தரும் பணத்திலேயே கம்பளி கலந்த ஸ்வெட்டர் கிடைக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 200 எளியவையும், சுற்றுலாப் பயணிகளுக்காக 100 சடைப் பின்னலும் செய்வேன்.

இரண்டு டிசைன் என்றால் சாம்பிள் செலவும், டிசைனை இயந்திரத்துக்கு ஏற்றும் புரோகிராம் செலவும் இரண்டாகும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு டிசைனுக்கு அது 6,000 ரூபாய் என்றால் 200 ஸ்வெட்டருக்குத் தலைக்கு 30 ரூபாய். 50 மட்டும் செய்தால் 120 ரூபாய். நிறங்களையும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறத்துக்குமான நூல் முழுவதும் ஒரே சாய லாட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையில் சாயமிட்ட நூலிலிருந்து வர வேண்டும். தவறினால் உடலும் கையும் வெவ்வேறு நிறத்தில் தெரியும். வட இந்தியக் குளிர்காலத்துக்கு முந்தைய மாதங்களில் லூதியானாவில் வேலை குவிந்திருக்கும் என்பதால், கோடையிலேயே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது.

மூவரிடமும் மறுபடி விலை கேளுங்கள். நூலின் கலப்பு விகிதம், கேஜ், நடுத்தர அளவின் முடிவு எடை, இணைப்பு முறை ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். சாம்பிளுடன் அதே நூலில் சிறு துண்டு கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி, முடி கருகும் வாசனையோடு பொடியாகும் சாம்பலைத் தரும், அக்ரிலிக் உருகிக் கருப்பாகக் கெட்டிப்படும், கலப்பு நூலில் இரண்டும் தெரியும். ஒப்புக்கொண்ட சாம்பிளைக் கடையிலேயே வைத்திருந்து, சரக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் அதே அளவில் சிலவற்றை எடுத்து அதனோடு எடை போட்டுப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.