மாமியாருக்கு மட்டும் சின்னக் குக்கரா?

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியாருக்கு 67 வயது, பி.பி. 160/100. மாத்திரை சாப்பிடுகிறார். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்துவிட்டார். அவருக்கு மட்டும் சின்னக் குக்கரில் உப்பில்லாமல் செய்து ஏழு மணிக்கே கொடுத்துவிடுகிறேன். என் கணவர் (39) உப்பு கொஞ்சம் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார். இவ்வளவு செய்தும் மாமியார் ஊறுகாயைச் சாதத்துக்கடியில் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார். எப்படித் திருத்துவது?
- வாசகி, கரூர்

பதில்: ஊறுகாயை விடுங்கள். அந்தச் சின்னக் குக்கரைப் பற்றிப் பேசுவோம்.

இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கே உலை வைத்தவரைத் தனியே உட்காரவைத்து, வாயில் வைக்க முடியாத ஒன்றைப் போடுகிறீர்கள். அப்புறம் நீங்கள் மூவரும் குழம்பும் அப்பளமுமாக உட்காருவீர்கள். வாசனை அவருக்கு மட்டும் வராதா? நானாக இருந்தாலும் ஊறுகாயைத் திருடித்தான் தின்பேன்.

டாக்டர் குறைக்கத்தானே சொன்னார்? அடியோடு நிறுத்தியது நீங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலைதட்டி ஒரு டீஸ்பூன் என்று வையுங்கள். குழம்பு, மோர், இட்லி மாவு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடக்கம். இது நோயாளிக்கு மட்டுமான கணக்கில்லை, பெரியவர்கள் எல்லோருக்கும்தான். அப்படிப் பார்த்தால் நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளாவது வரவேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். ரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறும். வயதாக ஆக, சேர்ந்த உப்பை வெளியே தள்ளச் சிறுநீரகம் சுணங்கும்.

நாளையிலிருந்து ஒரே சமையல், ஒரே நேரம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சப்பாத்தி மாவுக்கு உப்பே வேண்டாம். ரசத்தில் மிளகு, சீரகத்தைக் கூட்டுங்கள். அப்பளமும் ஊறுகாயும் எப்போதாவது, அதுவும் எல்லோர் தட்டிலும். இந்துப்புக்கு மாறித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தாலோ ஆபத்து.

கணவர் தட்டைத் தள்ளினால் தள்ளட்டும். பெற்றவளுக்காக அரை ஸ்பூன் உப்பை விட முடியாதவருக்காக நீங்கள் ஏன் பயந்து இரண்டு அடுப்பு பற்றவைக்க வேண்டும்? அடுத்த முறை அம்மாவை டாக்டரிடம் அவரே கூட்டிப்போகட்டும். அப்படியே தன் பி.பி.யையும் பார்த்துக்கொண்டு வரட்டும்.