மைக்ரோஅரே நார்மல் என்றால் மரபணுவில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

சகோதரி, மூத்த மகனுக்கு ஆட்டிசம், மைக்ரோஅரே என்ற குரோமோசோம் பரிசோதனை ரிப்போர்ட் நார்மல், "அப்போ உன் வளர்ப்புதான் கோளாறு" என்கிறார் மாமியார், அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மாமியார். தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று 1950களில் அமெரிக்க டாக்டர்களே சொன்னதுதான் இது. 1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற மனநல மருத்துவர்கள் இருவரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் உருவான, அதாவது மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்றான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். இரு கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. அவர்களுக்கும் வீடு ஒன்று, அம்மா ஒருத்திதானே!

சரி, ரிப்போர்ட். ஆட்டிசமுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது நார்மலாகத்தான் வரும். குரோமோசோமில் ஏதாவது துண்டு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று மட்டுமே இந்தப் பரிசோதனை பார்க்கும். புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் தெரியும், எழுத்துப்பிழை தெரியாது. பிழையைத் தேட, மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை வேண்டும். அதிலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வே ஆட்டிசத்தோடு தொடர்புடையவை என்று 102 மரபணுக்களைச் சுட்டியது. அதோடு, தனித்தனியே மிகச் சிறிய விளைவுள்ள எத்தனையோ மாற்றங்கள் சேர்ந்தும் ஆட்டிசம் வரலாம்.

ஆட்டிசத்தோடு சேர்ந்து வரக்கூடிய, எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறான ஃப்ராஜைல் எக்ஸுக்குச் சோதனை செய்தார்களா? மைக்ரோஅரேயில் அது தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும். தாய் வழியாக வரக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பொதுவாக, அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. உங்கள் குடும்பக் கணக்கை மரபணு ஆலோசகர்தான் சொல்ல முடியும். போகும்போது பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், முடிந்தால் மாமியாரையும்.