தூரத்தில் நின்று காட்டு விலங்குகளை வீடியோ எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கு நஷ்டம்.

கேட்டவர் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர், சனி ஞாயிறுகளில் கேமராவோடு கிளம்புபவர் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். "பொழுதுபோக்குக்காக எடுத்தாலும் பார்ப்பவர்களுக்கு விழிப்புணர்வு வருகிறது, விலங்கைத் தொடுவதுகூட இல்லை, இதில் என்ன தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியும் தக்காளியும் வைக்கிறவன். பதில் சூடாகத்தான் வரும்.

ராகி கதிர் பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னார்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் எங்கள் பக்கம் இறங்கும். சானமாவு, ஊடேதுர்க்கம் என்று காடு மாற்றிக் காடு தங்கிவிட்டு, அறுவடை முடிந்தபின் திரும்பும். ஓர் ஆண்டு குட்டிகளோடு ஒரு கூட்டம் எங்கள் ஏரிக்குப் பக்கத்துத் தைலமரத் தோப்பில் பகலில் ஒதுங்கியது. வனத்துறை ஆட்கள் காலையிலேயே சொல்லிவிட்டார்கள்: யாரும் கிட்டே போக வேண்டாம், இருட்டியதும் ஊர்ப் பக்கம் மட்டும் பட்டாசு வைத்து, காட்டுப் பக்கம் வழியை விட்டுவிடலாம். இதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. யானை போவதற்கு ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் செய்தி பரவி பைக்குகள் வரத் தொடங்கின. வந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒருவரும் கல் எறியவில்லை. காலித் தண்ணீர் பாட்டிலைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார்கள். உங்களைப் போலவே தூரத்தில்தான் நின்றார்கள். ஆனால் எங்கே நின்றார்கள்? வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் நன்றாக வருமாம். சாயங்கால வெயிலுக்கு முதுகைக் கொடுத்து மேற்கே வரிசையாக நின்றுவிட்டார்கள். காடும் மேற்கேதான் இருக்கிறது.

வனக்காவலர் கத்திப் பார்த்தார். "இரண்டே நிமிடம் அண்ணா" என்றார் ஒரு தம்பி. பிறகு ட்ரோன் ஒன்று மேலே போனது. யானைக்குத் தேனீயின் ரீங்காரம் ஆகாது. கென்யாவில் வயலைச் சுற்றித் தேன்பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டே யானையைத் தடுக்கிறார்கள். ட்ரோன் இரைச்சலும் கிட்டத்தட்ட அப்படித்தான். குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு அங்கேயே சுற்றிய கூட்டம், ஆள் நிற்காத ஒரே பக்கமாகப் பாய்ந்தது. அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வயல்கள்.

சித்தப்பாவின் ராகிப் போர் கலைந்தது. என் சொட்டுநீர்க் குழாய்கள் நார் நாராகக் கிழிந்தன. கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோய், ஒரு பாதி இன்னொரு பாதியைத் தேடி இரவெல்லாம் பிளிறிக்கொண்டு ஊரைச் சுற்றியது. விரட்டப் போன வனக்காவலர் இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். படம் எடுத்தவர்கள் அந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். சில நாள்களில் வீடியோ வந்தது: "ஊருக்குள் புகுந்து யானைகள் அட்டகாசம்". யானை வழித்தடத்தில் விவசாயம் செய்கிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் சொல்லும் விழிப்புணர்வு இதுதான்.

இதற்கும் ஒருவர் வருவார் என்று தெரியும்: "நீங்கள் மின்வேலி வைத்துக் கொல்லவில்லையா?" 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாய்களின் உடல்களைச் சுற்றியே நின்றன. அப்படி வேலி வைப்பவரை ஜெயிலில்தான் போட வேண்டும். நான் வயல் காவல் பரணில் உட்கார்ந்து கண் விழிக்கிறவன், என்னிடம் வேலி இல்லை. அந்தக் குட்டிகளின் படத்தைப் பார்த்துக் கலங்காதவர் இங்கே கிடையாது. மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளும் அதே ஆண்டு வந்தன. படம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் படமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2023இல் ஆஸ்கர் வாங்கிய முதுமலை ஆவணப்படத்தில் வருகிற ரகு எங்கள் பக்கத்துக் குட்டி. 2017இல் மின்சாரம் தாக்கித் தாய் இறந்தபின் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யானையைத் திட்டியே பழகிய என் அம்மா அதைப் பார்த்து அழுதார். ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து எடுத்த படம் அது, இரண்டு நிமிடப் படம் அல்ல.

ஆஸ்கர் இன்னொரு படத்துக்கும் கிடைத்திருக்கிறது. டிஸ்னி 1958இல் வெளியிட்ட ஆவணப்படம் ஒன்றில், லெம்மிங் என்ற எலி போன்ற பிராணிகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் குதித்துச் சாவதைக் காட்டினார்கள். வேறு இடத்திலிருந்து வாங்கிவந்து படக்குழுவே அவற்றைத் தள்ளிவிட்டது என்பதை 1982இல் கனடா தொலைக்காட்சி ஒன்று வெளியே கொண்டுவந்தது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்விக்காக எடுத்தேன் என்றால் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துக் கதை வேறு மாதிரி. 2023 மே மாதம் ஒகேனக்கல் சாலையில் ஒருவர் காட்டு யானைக்கு நேராகப் போய்க் கும்பிட்ட வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். பகிர்ந்து சிரித்த நாம் எதுவும் கட்டவில்லை.

சரணாலயத்துக்குள் படம் எடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். யானை என் வயலுக்கு வந்துவிட்டால் யாரிடம் அனுமதி? என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

படம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த ராகிக்கு நஷ்டஈடு கேட்டு மனு கொடுக்கப் போனபோது ஓர் அலுவலர், "யானை வயலில் நிற்கிற மாதிரி போட்டோ இருக்கிறதா?" என்றார். ராத்திரியில் யானைக்கு முன்னால் போய் நின்று ஃபிளாஷ் அடிக்கச் சொல்கிறாரா? மிதித்த வயல், சாணம், கால்தடம் எல்லாம் அவருக்குப் போதவில்லை. அப்புறம் பட்டா தாத்தா பெயரில் கூட்டாக இருக்கிறது, அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். கையெழுத்துச் சேர்வதற்குள் அடுத்த ராகியே விதைத்துவிட்டேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு என் பதில் இதுதான். எத்தனை அடி தூரம் என்று அளக்காதீர்கள். அந்த விலங்கு எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று பாருங்கள், அந்தப் பக்கம் நிற்காதீர்கள். தெரியவில்லையென்றால் ஊர்க்காரரைக் கேளுங்கள், சொல்லுவோம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வீடியோவில் ஊர்ப் பெயரைப் போட்டால் மறுநாள் இன்னும் நூறு பேர் வருவார்கள், அதையும் விடுங்கள். மாசிக்கு மேல் அனுமதி வாங்கிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போனால் நீர்நாயும் முதலையும் இருக்கின்றன, அறுவடை கெடாது. கார்த்திகையில்தான் வருவேன் என்றால் கேமரா இல்லாமல் வாருங்கள், பரணுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.