‘ஃப்ரோகோஸ்ட்’ காலை உணவா, மதிய உணவா?

கேள்வி: வேலை மாற்றலாகி ஆஸ்லோவிலிருந்து கோபன்ஹேகனுக்கு வந்திருக்கிறேன். நார்வேயில் ‘ஃப்ரோகோஸ்ட்’ என்றால் காலை உணவு. இங்கே பகல் 12 மணி விருந்துக்கும் அதே சொல்லைப் போட்டு அழைக்கிறார்கள். டேனிஷ் அகராதியில் ‘ஃப்ரோ’வுக்கு ‘மகிழ்ந்த’ என்றும், ‘கோஸ்ட்’டுக்குத் ‘துடைப்பம்’ என்றும் பொருள் இருக்கிறது. இந்தச் சொல்லை எப்படித்தான் பிரிப்பது?

பதில்: நீங்கள் பிரித்த இடம் சரிதான். ஆனால் பொருளை டேனிஷ் மொழியில் தேடக் கூடாது. இது அங்கே பிறந்த கூட்டுச்சொல் அன்று. வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹான்சாவைச் சேர்ந்த வணிகர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த இடைக்காலத்தில், வட ஜெர்மனியின் தாழ் ஜெர்மன் மொழியிலிருந்து முழுச் சொல்லாகவே வந்து சேர்ந்தது. அந்த மொழியில் முற்பகுதிக்கு ‘சீக்கிரமான’ என்று பொருள். இன்றைய ஜெர்மனின் ‘ஃப்ரூ’ அதன் உறவு. பிற்பகுதி ‘உணவு’. அகராதியில் ‘துடைப்பம்’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதே எழுத்துகளில் ‘உணவு’ என்ற பொருளுடைய இன்னொரு ‘கோஸ்ட்’டும் அங்கே உண்டு. ஆக, முன்னேரத்து உணவு என்பதே மூலப்பொருள்.

நார்வேஜியனும், ‘ஃப்ருகோஸ்ட்’ என்று சொல்லும் சுவீடிஷும் அந்தப் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கின்றன. டேனிஷில்தான் சொல் நகர்ந்தது. அதற்குக் காரணம் பக்கத்துச் சொல்லான ‘மித்தாவ்’. ‘நடுப்பகல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். அந்தப் பெயரில் உண்ட முதன்மை உணவு மாலைக்குத் தள்ளிப்போனது. காலியான நண்பகல் இடத்துக்கு ‘ஃப்ரோகோஸ்ட்’ வந்தது. காலை உணவுக்கு ‘மோர்ன்மாத்’ என்ற பெயர் நிலைத்தது. இது ‘காலை’, ‘உணவு’ இரண்டையும் சேர்த்த பச்சை டேனிஷ் கூட்டுச்சொல். பிரான்சிலும் இதே கதைதான். நோன்பு முறித்தலைக் குறித்த ‘தெழனே’ மதிய உணவாகிவிட, காலைச் சாப்பாட்டை ‘சிறிய தெழனே’ என்று அழைக்க வேண்டியதாயிற்று. பிறப்பை வைத்து ஒரு சொல்லின் இன்றைய பொருளை முடிவு செய்யக் கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

எனவே கோபன்ஹேகனில் ‘ஃப்ரோகோஸ்ட்’ என்று அழைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். ‘மித்தாவ்’ என்று அழைத்தால் மாலையில். டிசம்பரில் அலுவலகங்கள் நடத்தும் ‘யூலெஃப்ரோகோஸ்ட்’ மட்டும் கவனம். பெயர் கிறிஸ்துமஸ் மதிய விருந்து என்றாலும், பல இடங்களில் அது மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டுகிறது. அதற்கு மட்டும் அழைப்பில் உள்ள மணியைப் பாருங்கள்.