பெண்களோடு பேசாமல் இருந்துவிட்டால் பிரச்சினை இல்லையா?

தம்பி, மிசிசாகா வேர்ஹவுஸில் ஷிஃப்ட் லீட் ஆகியிருக்கிறீர்கள், சந்தோஷம். எச்.ஆர். ஒரு டிரெயினிங் வீடியோ போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கியதிலிருந்து உங்களுக்கு ஒரே பயம். 'டிரெஸ் நல்லா இருக்கு' என்று சொன்னாலே வேலை போய்விடுமா, காபிக்குக் கூப்பிட்டால் பாலியல் தொல்லையா, பேசாமல் பெண்களை விட்டு ஒதுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இங்கே கனடாவில்தான், டொராண்டோ பக்கம் மார்க்கம் ஊரில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் பல வருஷமாக இருக்கிறேன். தொழிலாளர் தரப்பில் பாதுகாப்புக் குழுவிலும் இருப்பதால் இந்தப் பேச்சு என் காதுக்கு அடிக்கடி வரும்.

டிரெஸ் நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னதற்காக யாரும் வேலையிழந்து நான் பார்த்ததில்லை. அதையே தினமும் சொல்வது, மேலும் கீழும் பார்த்துக்கொண்டே சொல்வது வேறு. தொல்லை தரும் பேச்சோ செய்கையோ தொடர்கிறதா, எதிராளி அதை விரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டுமா என்றுதான் நம் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் பார்க்கிறது. 2016 செப்டம்பர் முதல் தொழில் பாதுகாப்புச் சட்டத்திலேயே இது இருக்கிறது. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசிக் கேள்வியில். 'நான் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை' என்பது விசாரணையில் எடுபடாது. அவர் வாய்விட்டு 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அடுத்த ரேக்குக்கு நகர்ந்துவிடுகிறார் என்றால் அதைவிட என்ன பதில் வேண்டும்?

கண்ட இடத்தில் கை வைப்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. அது ஒரே தடவையானாலும் போலீஸ் கேஸ்.

இப்போது காபி. சமமான இடத்தில் இருக்கும் ஒருவர் இன்னொருவரை மரியாதையாக ஒரு தடவை கேட்கலாம், மறுத்தால் அத்தோடு விட வேண்டும். நீங்கள் லீட் ஆகிவிட்டீர்கள், அதுதான் சிக்கல். ஓவர்டைம், லைன் மாற்றம், லீவு எல்லாம் உங்கள் கையில். பலன் கொடுக்கவோ தடுக்கவோ முடிகிற இடத்தில் இருப்பவர், எதிராளிக்கு விருப்பமில்லை என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ பாலியல் எண்ணத்தோடு அணுகுவதைச் சட்டம் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்குத் தொடர்ச்சி தேவையில்லை. எங்கள் இடத்தில் முன்பு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சனிக்கிழமை ஓவர்டைமுக்கு யார் யார் என்று வெள்ளிக்கிழமை மதியம் போர்டில் எழுதிப்போடுவார். பேக்கிங் லைனில் ஒரு பிலிப்பினோ பெண்ணைச் சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தபடியே மறுத்துவிட்டார். மறு வாரம் போர்டில் அவர் பெயர் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட சூப்பர்வைசர் வாயிலிருந்து வரவில்லை. ஆனாலும் அந்தப் போர்டைப் படம் பிடித்து வைத்திருந்ததுதான் விசாரணையில் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது.

அப்புறம், லஞ்ச் டேபிளில் 'தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியும்' என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். டொராண்டோ பக்கம் அடுத்த மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்று எந்த தைரியத்தில் நினைக்கிறீர்கள்? புரியாவிட்டாலும், நாலு பேர் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பும் சேர்த்திதான். இணைய வழித் தொல்லையையும் 2024இல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று, இந்தியாவின் 2013 சட்டம் பெண்களுக்கானது. இங்கே ஆண்களும் புகார் கொடுக்கலாம். 'அவன் ஆம்பளையே இல்லை' என்று ஒரு பையனைச் சதா கிண்டல் செய்வதும் இதில் வரும்.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. வினிபெக்கில் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல்காரர் தொல்லை கொடுத்ததாக இரண்டு வெயிட்ரஸ்கள் புகார் செய்தார்கள். மானிடோபா மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடே அல்ல என்றுவிட்டது. 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. உங்கள் எச்.ஆர். இவ்வளவு மெனக்கெடுவது உங்கள் மேல் சந்தேகத்தால் அல்ல, கம்பெனியின் தலை உருளும் என்பதால்.

சரி, ஒதுங்கிவிடலாமா? கூடவே கூடாது. ஆண்களுக்கு மட்டும் ஃபோர்க்லிஃப்ட் பழக்கிவிட்டு, பெண்களிடம் வாயே திறக்காமல் இருந்தால் அதுவே பாகுபாடாகிவிடும். வேலையைப் பற்றி யாரிடமும் தாராளமாகப் பேசுங்கள். எதிரே இருப்பவர் உங்கள் மேனேஜராக இருந்தால் இதே மாதிரி பேசுவேனா என்று நினைத்துப் பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது.

வீடியோவில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றும் உண்டு. லீட் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் சூப்பர்வைசராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று அனுப்பாதீர்கள், தேதி போட்டு எழுதி மேலே கொடுங்கள். கம்பெனி விசாரித்து முடிவை அவருக்கு எழுத்தில் தர வேண்டும். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. கம்பெனி அசையாவிட்டால் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பொதுவாகச் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள். அதற்கு ஒன்டாரியோவில் மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தருகிறது. உங்கள் லைனில் ஒரே முதலாளிக்கான பெர்மிட்டில் வந்தவர்கள் இருந்தால், இப்படித் தொல்லைக்கு ஆளாகிறவர்கள் 2019 ஜூன் முதல், வேறு முதலாளியிடமும் வேலை செய்ய விடுகிற ஓபன் ஒர்க் பெர்மிட் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதையும் காதில் போட்டு வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர்களில் பலர் வாயே திறப்பதில்லை.