வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்: கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கார் பற்றியவை. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி வாங்குகிறார்கள் போலிருக்கிறது. மிக்ஸி, பிரிட்ஜ் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று நண்பர்கள். என்னிடம் 2014 ஆல்டோ 800, ஒருவரிடம் டீசல் ஸ்விஃப்ட், இன்னொருவரிடம் பெட்ரோல் நெக்ஸான். டீக்கடையில் தினமும் இதே பேச்சுதான். என் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிறது, ஸ்விஃப்ட்காரர் 24 என்கிறார், நெக்ஸான்காரர் 17 என்று சாதிக்கிறார். யார் சொல்வது நிஜம்?
– தங்கச்சிமடம்

மூன்று பேரில் யாராவது அளந்து பார்த்தீர்களா? மீட்டர் போர்டில் தெரியும் எண்ணை அப்படியே சொல்வதும், ஒரு தடவை மதுரை போய் வந்த கணக்கை வருஷம் முழுக்கச் சொல்வதும் அளப்பது ஆகாது. டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். நானூறு கிலோமீட்டராவது எப்போதும் போல ஓட்டுங்கள். அதே பங்க்கில், அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று டேங்க் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சரி, நீங்கள் சொன்ன எண்களையே உண்மை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆல்டோவுக்கு கிலோமீட்டருக்கு 5 ரூபாய், நெக்ஸானுக்கு 5 ரூபாய் 88 காசு. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 530 ரூபாய். டீசல்காரருக்கு எரிபொருளில் நிச்சயம் மிச்சம்தான். ஆனால் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை பழுதானால் அந்த மிச்சம் மொத்தமும் மெக்கானிக்குக்குப் போகும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒப்பிடுவதென்றால் இப்படி ஒப்பிடுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதத்தில் மூன்று பேரும் வண்டியை மாற்றிக்கொண்டு பாம்பன் ரோடு பாலத்தில் போய் வாருங்கள். ஆல்டோ ஏறக்குறைய 700 கிலோ, நெக்ஸான் 1,200 கிலோவை ஒட்டி. பக்கக் காற்றில் ஸ்டியரிங்கை எந்த வண்டியில் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, எதிரே பஸ் வரும்போது எது ஒதுங்கப் பார்க்கிறது என்று கை சொல்லிவிடும். ராமேஸ்வரம் சந்துகளில் திருப்பும்போது இதே ஆல்டோதான் ஜெயிக்கும். இதையெல்லாம் வைத்து டீக்கடையில் பேசினால் கேட்கிறவர்களுக்கும் பிரயோஜனம்.

அரிச்சல்முனையில் காரை மணலில் இறக்கி போட்டோ எடுக்க ஆசை. டயரில் காற்றைக் குறைத்தால் போதுமா?
– பரமக்குடி

இறக்காதீர்கள். தார் ரோட்டில் நிறுத்தியே எடுங்கள்.

கார் வாங்கி நாலு வருஷம். ஷோரூமிலேயே 6,000 ரூபாய் கொடுத்து அடியில் கோட்டிங் போட்டேன். தினமும் காலையில் கழுவுகிறேன். ஆனாலும் கதவுகளின் அடிப்பக்கம் துரு வந்துவிட்டது. ராமநாதபுரத்தில் இருக்கும் என் அத்தானிடம் இதே மாடல், ஏழு வருஷம் ஆகிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. என் வண்டி டிஃபெக்ட் பீஸா?
– மண்டபம்

வண்டியில் குறை இல்லை. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் மண்டபத்தில் தினமும் கார் கழுவும் அளவுக்கு எந்தத் தண்ணீர் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். கழுவிக் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறதா? அது உப்பு. கடல் காற்று ஒரு பக்கம் உப்பை வண்டிமேல் படிய விடுகிறது, நீங்கள் போர் தண்ணீரில் இன்னொரு பங்கு சேர்க்கிறீர்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மடிப்புகளில் தகடு ஈரமாகவே கிடக்கும். அத்தான் வண்டி கடலைவிட்டுத் தள்ளி நிற்கிறது, அவர் தினமும் கழுவுகிறவரும் இல்லை என்று நினைக்கிறேன்.

நம் கடற்கரையில் உப்பு என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றிப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வே இவ்வளவு யோசித்துச் செய்கிற இடத்தில், ஷோரூம் பின்பக்கத்தில் ஒரு பையன் அரை மணி நேரம் அடித்துவிடும் கறுப்புப் பூச்சு வண்டியைக் காப்பாற்றும் என்று எப்படி நம்புவது?

இந்தக் கோட்டிங் விஷயத்தில் எனக்கு உள்ள ஆத்திரம் இந்தக் கேள்வி-பதில் பகுதியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புது வண்டியின் தகட்டை கம்பெனியிலேயே பிரைமரில் முக்கி எடுத்துத்தான் அனுப்புகிறார்கள், அடியில் தேவையான இடத்தில் பூச்சும் இருக்கிறது. அதன்மேல் இன்னொன்று அடிப்பதென்றால் அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். எத்தனை இடத்தில் செய்கிறார்கள்? தூசியும் ஈரமும் இருக்கிறபடியே அடித்தால் உப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். ஓட்டை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். பழைய வண்டியில் நிலைமை இன்னும் மோசம். நான் வாங்கிய ஒரு பழைய செடானின் அடி முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்பு. "ஆன்ட்டி ரஸ்ட் போட்டிருக்கேன் சார்" என்றார் விற்றவர். அடுத்த மழைக்காலம் முடிந்து லிஃப்டில் ஏற்றியபோது மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டினார். கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்திலிருந்து கறுப்பும் தகடும் சேர்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. விரல் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை. துருவை மறைக்கத்தான் அந்தப் பூச்சு. அப்படி விற்பது பச்சைத் திருட்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: தினமும் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். வாரம் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் மட்டும். மழைத் தண்ணீரோ, வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ பிடித்து வைத்தால் போதும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். கதவைத் திறந்து அடி விளிம்பைப் பாருங்கள், சின்ன ஓட்டைகள் இருக்கும். மெல்லிய குச்சியால் அடைப்பை எடுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் சக்கரத்தின் உள்பக்கத்துக்கும் அடிக்கும் இரண்டு வாளி நல்ல தண்ணீர். இப்போது வந்திருக்கும் துருவை டிங்கரிங் கடையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் தகடு வெட்டி ஒட்ட வேண்டி வரும்.

என் எர்டிகா ஓன் போர்டு. சனி, ஞாயிறுகளில் தீர்த்தமாட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் டியூ கட்டலாம் என்று மைத்துனர் சொல்கிறார்.
– ராமேஸ்வரம்

கூடாது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், அப்போது மைத்துனர் வந்து பணம் கட்ட மாட்டார். ஓட்டுவதென்றால் டி போர்டுக்கு (வாடகை வண்டி) மாற்றி, பெர்மிட் எடுத்து ஓட்டுங்கள்.

துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) அனுப்பிய பணத்தில், மதுரையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வண்டி எடுத்தோம். மீட்டரில் 41,000 கிலோமீட்டர். போன வாரம் கம்பெனி சர்வீஸுக்கு விட்டபோது, 2022லேயே 1,08,000 ஓடியதாக அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வியாபாரி "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். உம்மா (அம்மா) மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
– கீழக்கரை

தங்கச்சி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிவிட்டு "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று சொல்ல அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. இதை உம்மாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.

சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் முழு சர்வீஸ் வரலாற்றைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி, முத்திரை போட்டு வாங்குங்கள். வியாபாரி போட்ட விளம்பரம், வாட்ஸ்அப்பில் 41,000 என்று அனுப்பிய செய்தி, பேங்க்கில் பணம் போன ரசீது, டெலிவரி அன்று எடுத்த படம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். மீட்டரை யாரும் தொட விடாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் என்பதற்காக மதுரைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஏமாற்றியதற்காகப் போலீஸில் தனியாகப் புகார் கொடுக்கவும் இடமுண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. "பாதிப் பணம் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று அவர் இறங்கி வந்தால், காக்காவிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

சென்னைப் புரோக்கர் ஒருவர் 2021 மாடல் காரை, ஊர் விலையைவிட ஒண்ணரை லட்சம் குறைத்துத் தருகிறார். எடுக்கலாமா?
– தொண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடிப் பக்கமும் வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் ஏராளம். அவையெல்லாம் எங்கே போயின என்று யோசியுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறைக் கோடு தெரிந்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். சீட்டை முன்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் கைவிட்டுத் தடவுங்கள். ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். எவ்வளவு சென்ட் அடித்தாலும் சேற்று வாடை அதற்குள் வந்துவிடும். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் விலை ஏன் குறைவு என்பது தெரிந்துவிடும்.

பஞ்ச், வேகன் ஆர் இரண்டில் ஒன்று. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். கணவர் வேகன் ஆர்தான் என்கிறார்.
– ராமநாதபுரம்

வேகன் ஆரில் ஏறி இறங்குவது பெரியவர்களுக்குச் சுலபம், ஓட்டும் செலவும் குறைவு, உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு பஞ்ச் 2021இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, வேகன் ஆர் 2023இல் ஒன்றுதான். மதுரை நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு அடிக்கடி போவீர்கள் என்றால் என் ஓட்டு பஞ்சுக்கு. எதை எடுத்தாலும் பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

2021இல் என் இண்டிகாவை ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து மட்டும் போட்டேன், வாங்குகிறவர் பெயரை எழுதவில்லை. இப்போது அந்த வண்டி ஒருவர்மேல் மோதிவிட்டது என்று எனக்கு நோட்டீஸ் வருகிறது. வண்டி என்னிடம் இல்லாதபோது என்மேல் என்ன தப்பு?
– சாயல்குடி

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. அதன்பிறகு இத்தனை வருஷம் பெயர் மாறியதா என்று ஒரு தடவைகூடப் பார்க்காததும் தப்பு. விற்ற 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. இதை இந்தப் பத்தியில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். அடிபட்டவர் யாரிடம் போய் இழப்பீடு கேட்பார், சொல்லுங்கள்.

இன்றைக்கே விபத்து வழக்குப் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள். விபத்து நடந்த அன்று அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்று அரசின் பரிவாகன் தளத்தில் தேடுங்கள், இருந்தால் பாதிச் சுமை இறங்கும். புரோக்கரின் போன் எண், பணம் வந்த கணக்கு, எல்லாவற்றையும் எழுத்தில் போலீஸில் கொடுங்கள். மற்றவர்களுக்கு: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும், அவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி பதிய வேண்டும். அது இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாரம் இரண்டு தடவை பாம்பனிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டியை டிக்கியில் வைத்துக் கொண்டுவருகிறேன். கீழே என்ன விரித்தால் நல்லது?
– உச்சிப்புளி

எதை விரித்தாலும் உப்புத் தண்ணீர் அதற்கு அடியில் இறங்கும். லோடு ஆட்டோ பிடியுங்கள்.

முதல் கார், சின்ன ஹேட்ச்பேக். கொட்டேஷனில் இன்சூரன்ஸ் 41,000, ஆக்சஸரீஸ் 18,000, ஹேண்ட்லிங் 7,500 என்று இருக்கிறது. "எல்லாருக்கும் இதேதான் தம்பி" என்கிறார்கள்.
– முதுகுளத்தூர்

எல்லாரும் கேட்காமல் கொடுப்பதால்தான் எல்லாருக்கும் இதே. ஹேண்ட்லிங் என்ற பெயரில் அரசாங்கக் கட்டணம் எதுவும் கிடையாது, எடுக்கச் சொல்லுங்கள். ஆக்சஸரீஸில் உங்களுக்கு வேண்டியது மட்டும் போதும், மேட்டும் மட்ஃபிளாப்பும் வெளியே பாதி விலை. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டியும் ஒரு வருஷ சொந்தச் சேதமும் இருந்தால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில்லில் அது சரியாக இருக்கிறதா பாருங்கள். அடிக் கோட்டிங் வேண்டாம் என்பதை எழுத்திலேயே கொடுங்கள். வெளியே இரண்டு இடத்தில் இன்சூரன்ஸுக்கு விலை கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்கள், தம்பி.